சரிபார்த்தவர்

பகல் பன்னிரண்டு மணிக்கு மென்பொருள் உரிமம் முடிந்ததும் ஞானதாஸின் நெஞ்சிலிருக்கும் பேஸ்மேக்கர் நின்றுவிடும். ஏழை நாடுகளுக்கு இனி மென்பொருள் தருவதற்கில்லை என்று அதைச் செய்த கம்பெனி கைவிரித்துவிட்டது. மிச்சமிருந்தது ஒன்றுதான்: பல நாட்டுத் தன்னார்வலர்கள் எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவைத்திருந்த மென்பொருள். அவர்களில் ஞானதாஸின் மனைவி ஜெபராணியும் ஒருத்தி.

"இத நம்பிப் போடலாமா?" என்றார் டாக்டர்.

"எல்லாமே திறந்து கிடக்கு டாக்டர். யாரு வேணும்னாலும் படிச்சுப் பாக்கலாம்."

"பாக்கலாம், சரி. யாரு பாத்தா?"

ஜெபராணி திரையைத் தொட்டாள். கடைசியாகச் செய்த மாற்றம், இரண்டாயிரம் வரிகள். எழுதியவர்: வஞ்சிரு, நைரோபி. படித்துச் சரிபார்த்தவர்: ஜெபராணி, நாகர்கோவில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஞாபகம் வந்தது. அடுப்பில் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வஞ்சிரு கேட்டாளே என்று, ஒரு வரிகூடப் படிக்காமல் ஒப்புதல் பொத்தானை அழுத்திவிட்டாள். இவள் எழுதியதற்கு வஞ்சிருவும் அப்படித்தான் அழுத்துவாள். குழுவில் அது ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் மரியாதை. வேறு யாராவது படித்திருப்பார்கள் என்று எல்லோருமே நினைத்துக்கொண்டார்கள்.

கட்டிலிலிருந்து ஞானதாஸ் எட்டிப் பார்த்தான். காலையிலிருந்து வெளிறிக் கிடந்த முகம் தெளிந்தது.

"நீ பாத்ததா? பொறவு என்ன பயம். போடு ஜெபா."

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று நாற்பது.

"இன்னும் இருபது நிமிஷம் இருக்குல்லா டாக்டர்" என்றபடி ஜெபராணி நாற்காலியை இழுத்துப்போட்டு, முதல் வரியைப் படிக்கத் தொடங்கினாள்.