வியாழக்கிழமைப் பாண்டங்கள்

"என் பெண்டாட்டி செஞ்சதை எல்லாம் எடுத்துட்டுப் போக வந்திருக்கேன்" என்றார் அந்த மனிதர்.

க்ளெண்டா தன் மண்பாண்டப் பட்டறையின் சூளைக்குள் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். வரும் சனிக்கிழமை சர்ச்சில் பீன்ஸ் விருந்து. அதற்கு அறுபது கிண்ணங்கள். மத்தியானத்துக்குள் சூளையை மூடியாக வேண்டும். நிமிராமலே கேட்டாள்.

"யாரு அவங்க?"

"லூசில். லூசில் பெல்ட்டியே. நான் அவ புருஷன் நார்மன். ரெண்டு வருஷமா வியாழக்கிழமை சாயங்காலம் இங்க வந்துட்டிருந்தாளே! நவம்பர்ல போயிட்டா. மாரடைப்பு."

இப்போது நிமிர்ந்தாள். கையில் இருந்த கிண்ணத்தை மேசையில் வைத்தாள்.

"கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தமா இருந்தது."

"இங்க வர தைரியம் வர்றதுக்கே நாலு மாசம் ஆச்சு." நார்மன் தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டினார். "வீட்டுக்கு ஒண்ணைக்கூடக் கொண்டுவந்ததில்ல. கேட்டா, 'இன்னும் கோணலாத்தான் வருது, ஒழுங்கா வந்ததும் காட்டறேன்'னு சிரிப்பா. கோணலா இருந்தா என்னங்க? அவ கை பட்டது ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு போதும் எனக்கு."

குயவர் சக்கரத்தின் முன் உட்கார்ந்திருந்த ஓடெட் மிதியிலிருந்து காலை எடுத்தாள். அவள் செவ்வாய்க்கிழமை வகுப்புக்காரி. க்ளெண்டாவுக்குப் பள்ளிக்கூடத்துத் தோழியும்கூட.

சுவரோரம் உறுப்பினர்களின் அலமாரி. மொத்தம் பதினோரு பேர். அந்தப் பதினோரு பேரை நம்பித்தான் பட்டறையே. ஆளுக்கு ஒரு தட்டு, தட்டுக்கு ஒரு பெயர்ச்சீட்டு. நார்மன் சீட்டுகளை விரலால் தொட்டுப் படித்துக்கொண்டே போய், 'லூசில் பெ.' என்ற தட்டின் முன் நின்றார்.

தட்டு காலி.

"இதுல இருந்ததெல்லாம் எங்க?"

க்ளெண்டா துணியில் கையைத் துடைத்தாள். பிறகு சுவரிலிருந்த அறிவிப்பைக் காட்டினாள். 'மூன்று மாதத்துக்கு மேல் எடுக்காத, சுடாத பாண்டங்கள் கரைக்கப்படும்.'

"கரைச்சுட்டேன்."

"என்னது?"

"தண்ணியில போட்டுக் கரைச்சுட்டேன். மூணு மாசம் தாண்டினா அதுதான் வழக்கம்."

களிமண்ணிடம் ஒரு சௌகரியம் உண்டு, அநியாயம் என்றும் சொல்லலாம். சூளையைப் பார்க்கும்வரை குடமும் கிண்ணமும் தண்ணீர் பட்டால் ஒரே சேறுதான். எது எதுவாக இருந்தது என்று பிரம்மனே வந்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

"ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?" நார்மனின் குரல் உடைந்தது. "ஒரே ஒரு போன்?"

"வேலை அதிகம். தோணல."

"தோணல!"

மூலையில் பழைய மண்ணை ஊறப்போடும் வாளி இருந்தது. நார்மன் விறுவிறுவென்று அதனிடம் போனார். மண்டியிட்டார். கோட்டைக்கூடக் கழற்றாமல் முழங்கைவரை கையை உள்ளே விட்டுத் துழாவினார். ஒரு கைப்பிடி, ஒரு விளிம்பு, கரையாமல் மிஞ்சிய ஏதாவது ஒன்று. சேறு சளப் சளப் என்றது. கை வெறுமனே மேலே வந்தது.

ஓடெட் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதுலதானே கரைச்ச?"

"ஆமா."

"அப்போ இது என்னுது." வாளியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். கோட்டெல்லாம் சேறு வழிந்தது. "சனிக்கிழமை விருந்துல எழுந்து நின்னு சொல்றேன் பாரு. அப்புறம் இந்த லூயிஸ்டன் ஊர்ல ஒரு ஆள் உன் கிண்ணத்துல பீன்ஸ் தின்னுடுவானா, பார்க்கறேன். கல்லு, நீ! சுட்ட கல்லு!"

"வாளியை எடுத்துட்டுப் போங்க" என்றாள் க்ளெண்டா.

கதவு அறைந்து மூடியது. வெளியே அவருடைய வண்டி உறுமியது. பனிச்சேற்றில் வழுக்கி, நேராகி, போனது.

க்ளெண்டா மேசையில் வைத்த கிண்ணத்தை எடுத்துச் சூளைக்குள் வைத்தாள். பிறகு அடுத்தது.

"நீயெல்லாம் மனுஷியா?" என்றாள் ஓடெட்.

"நேரமாச்சு, ஓடெட். அந்தக் கிண்ணத்தை இப்படித் தள்ளு."

"தள்ள மாட்டேன். என் தட்டையும் காலி பண்ணிக்கறேன். நான் செத்தா என்னையும் மூணாவது மாசம் கரைச்சுடுவியே!" ஓடெட் தன் கருவிகளை அள்ளிப் பையில் போட ஆரம்பித்தாள். "அந்த மனுஷன் கேட்டது ஒரே ஒரு கிண்ணம். இங்க அறுபது கிடக்கு. ஒரு கோணல் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்து, 'இதுதான் லூசில் செஞ்சது'ன்னு சொல்லியிருந்தா என்ன குறைஞ்சுபோயிருப்ப?"

"கொடுத்தா அதோட போயிடுவாரா? யார் பக்கத்துல உட்கார்ந்தா, என்ன பேசினான்னு வியாழக்கிழமைக்காரங்க ஒவ்வொருத்தர் வீட்டுக் கதவையும் தட்டுவார். கோபமா போறவர் எதையும் கேட்க மாட்டார்."

"கேட்டா கேட்டுட்டுப் போகட்டும்! செத்துப்போனவளுக்காக ஒரே ஒரு பொய், அதுகூடவா உன் வாயில வரல?"

"வந்ததே." க்ளெண்டா சூளையின் மூடியை இறக்கினாள். "லூசில் இங்க ஒரே ஒரு நாள்தான் வந்தாங்க, சேர்ந்த அன்னைக்கு. அப்புறம் ரெண்டு வருஷமும் சந்தா மட்டும்தான் வந்தது."