சத்தம் வரக் கூடாது

போத்தனூர் வீட்டுக் கூடத்தில் மத்தியான வெயில் எவர்சில்வர் கிண்ணத்தில் பட்டு எதிர்ச் சுவரில் நடுங்குகிறது. பாக்கியசாமி, தானே வரைந்து, பல்சக்கரம் முதல் கம்பி வரை தன் பட்டறையிலேயே கடைந்து செய்த முட்டை அடிக்கும் பீட்டரைக் கிண்ணத்தில் இறக்கிச் சுவிட்சைத் தட்டுகிறார். வெள்ளைக்கரு நுரைத்து எழும்புகிறது. கூடவே, தகரத்தை ஆணியால் கீறுவதுபோல ஒரு கீச்சொலி வீடு முழுக்கப் பாய்கிறது. மனைவி சாராளுக்குப் பல் கூசுகிறது. காதைப் பொத்தப் போன கையைப் பாதியில் இறக்கி, முந்தானையைத் திருகிக்கொண்டு நிற்கிறாள். இரண்டு வருஷ உழைப்பு. சத்தம் வரக் கூடாது என்பது ஒன்றுதான் ஆர்டர் தருகிற கம்பெனிக்காரர்கள் போட்ட நிபந்தனை. நாலு மணிக்கு அவர்கள் வருகிறார்கள். பாக்கியசாமியோ முப்பது வருஷம் தகடு அடிக்கும் பிரஸ் மெஷினின் இரைச்சலை ஒட்டியே நின்றவர். மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே கேட்கிறார்: “ஏ அம்மணி, துளியாச்சும் சத்தம் வருதா?” “இல்லீங்க,” என்கிறாள் சாராள், அவருக்குக் கேட்கும்படி உரக்க. “ஒண்ணுமே கேக்கலீங்க.” அவர் முகம் மலர்கிறது. உள்ளறைத் தொட்டிலில் மகள் ஷைலாவின் கைக்குழந்தை திடுக்கிட்டு விழித்து வீறிடுகிறது. சாராள் அசையவில்லை. நுரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவர் தற்செயலாக, திறந்திருந்த உள்ளறைக் கதவுப் பக்கம் தலையைத் திருப்புகிறார். சிவந்து சுருங்கிய முகமும் அகலத் திறந்த சின்ன வாயும் அவர் கண்ணில் படுகின்றன. சுவிட்சை அணைக்கிறார். கம்பிகள் நிற்கின்றன. அந்த வாய் மட்டும் இன்னும் மூடவில்லை. வெகுநேரம் அதையே பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்கிறார்: “கொழந்த அளுவுதா, அம்மணி?”