எத்தனை மணிக்கு எடுக்கீய?

பாபநாசத்தின் கழுத்தைச் சுடலையாண்டி ஏழாவது தடவையாக அறுத்தான். இந்தத் தடவை அவசரப்படவில்லை. தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, நெற்கதிரை அறுப்பதுபோலப் பைய இழுத்தான்.

கண்ணைத் திறந்தபோது கையில் அரிவாள் இல்லை. இரண்டு கைகளையும் கட்டில் கம்பியோடு துணியால் கட்டியிருந்தார்கள். தொண்டைக்குள் இறங்கியிருந்த குழாய் வழியாக ஒரு மெஷின் அவனுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"அசையாம கெடங்க அண்ணாச்சி. நேத்து மிதிச்ச மிதியில எனக்கு இன்னும் கையத் தூக்க முடியல" என்றாள் நர்ஸ் லில்லி.

சளி உறிஞ்சும் சின்னக் குழாயை உள்ளே விட்டாள். நெஞ்சு பிளந்தது. அவன் கண்ணை இறுக மூடி எட்டாவது தடவையாக அறுத்தான். ஐந்து நாளாக அப்படித்தான் தாங்கிக்கொண்டிருந்தான்.

பாபநாசம் கிடந்தது பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம். வாய்க்கால் மடையைத் திறக்கிற தகராறில் இருவரும் ஒருவரையொருவர் வெட்டிச் சாய்த்திருந்தார்கள். அந்தப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் இருந்ததே இரண்டு மெஷின்கள்தான்.

இரண்டும் மாறி மாறிச் சீறின. இரவா பகலா என்று தெரியாத அந்த வெளிச்சத்தில் சுடலையாண்டிக்கு ஒரே வைராக்கியம். பாபநாசத்தின் மெஷின் முதலில் நிற்க வேண்டும். அதுவரை தான் சாகக் கூடாது.

அன்று காலை திரைக்கு அப்பால் ஓர் ஆண் குரல் கேட்டது.

"எத்தனை மணிக்கு எடுக்கீய?"

"பத்து மணிக்கு எடுத்துருவாகளாம்." அது பாபநாசத்தின் மனைவி கோமு.

"எல்லாருக்கும் சொல்லியாச்சா?"

"ஆச்சு. தச்சநல்லூர்ல இருந்து அவுக அக்கா கெளம்பிட்டாவ."

கோமுவின் குரலில் அழுகை இல்லை. ஐந்து நாளில் கண்ணீர் வற்றியிருக்கும் என்று சுடலையாண்டி நினைத்துக்கொண்டான். சிரிக்கப் பார்த்தான், குழாய் விடவில்லை. கைக்கட்டை இழுத்த இழுப்பில் மணிக்கட்டுத் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

அந்த மெஷின் மட்டும் இன்னும் சீறிக்கொண்டிருந்தது. பிணத்துக்குள் காற்றடிக்கிறார்கள். அதுவும் அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பத்து மணிக்கு அது நின்றது.

ஐந்து நாளில் முதல் தடவையாகச் சுடலையாண்டியின் விரல்கள் விரிந்தன. இனி அறுப்பதற்கு ஆள் இல்லை. உயிர் போனாலும் போகட்டும் என்று உடம்பைத் தளர விட்டான்.

திரைக்கு அந்தப் பக்கம் யாரோ குடல் பிதுங்க இருமினார்கள்.

"பைய, பைய. அதான் குழாய எடுத்தாச்சுல்லா" என்றாள் லில்லி. "இனி நீங்க பேசலாம்."

பிறகு துருப்பிடித்த குரல் ஒன்று திரையைத் தாண்டி வந்தது.

"ஏலே சுடல, முழிச்சிருக்கியாலே?"