ஈ இல்லாத ஈக்கூடம்

ஒரகடத்தில் லாரி ஆலைகளுக்கு நடுவே இருக்கும் ஆய்வுக்கூடம் இது. பழ ஈயின் மூளையில் ஒரே ஒரு புரதத்தை மட்டும் தேடிப் பிடித்துப் பச்சையாக ஒளிரும் இன்னொரு புரதத்தை, ஈயின் உடம்பிலேயே ஊறும்படி இங்கே உருவாக்கியிருக்கிறார்கள். காலை வெயில் ரேக்கில் அடுக்கிய கண்ணாடிக் குழாய்களில் விழுகிறது. எப்போதும் வெல்லமும் ஈஸ்டும் புளித்துக் கிடக்கும் வாடைக்குப் பதிலாக இன்று பூச்சிமருந்து நெடி. மேனேஜர் பகலவன் நேற்று சாயங்காலம் ஆள் வைத்துப் புகை போட்டிருக்கிறார். முன்பு வேலை பார்த்த கார் கம்பெனியில் பழகிய பழக்கம். விருந்தாளி வந்தால் தரை பளபளக்க வேண்டும், பூச்சி இருக்கக்கூடாது. அதற்குமேல் தெரிந்துகொள்ள அவர் கழுத்து டைக்கு அவசியமில்லை.

தென்காசியிலிருந்து வந்த ஆராய்ச்சியாளர் உலகம்மாள், பகலவன் பக்கத்தில் நிற்க, ஒரு குழாயைக் கவிழ்த்துத் தட்டுகிறாள். பஞ்சு அடைப்பின் மேல் ஈக்கள் கடுகு கடுகாக உதிர்கின்றன. ஒன்றுகூடத் திரும்பி ஏறவில்லை. அந்தப் பச்சைப் புரதம் ஊறும் இந்த ஈ வம்சம் வேறெந்தக் கூடத்திலும் இல்லை.

"ஏன் சார், ஈ வளக்குற ரூமுலயா மருந்தடிக்கச் சொன்னிய?"

"இன்னாமா நீ? பணம் போடறவங்க வர்ற நேரத்துல ஈ சுத்திக்கினு இருந்தா இன்னா நெனப்பாங்க?"

கதவு திறக்கிறது. தலைக்கு உறை மாட்டிய விருந்தாளிகள் செல்போனை உயர்த்தியபடி நுழைகிறார்கள். பகலவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நெஞ்சை நிமிர்த்துகிறார்.

"எங்க லேப்ல ஒரே ஒரு ஈ காட்டுங்க சார், பார்க்கலாம்!"

எதற்கென்று தெரியாமலே எல்லோரும் கைதட்டுகிறார்கள். அத்தனை சத்தத்துக்கும் உலகம்மாள் கையிலிருக்கும் குழாயில் ஒரு இறகும் அசையவில்லை.