முதுகுக்குப் பின்னால் அருவி

கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து, அருவிக்கு முதுகைக் காட்டியபடி நிற்கிறார் வழிகாட்டி. கூட்டம் சிதறிப் போகாமலிருக்க மஞ்சள் குடை ஒன்றை உயர்த்திப் பிடித்திருக்கிறார். எதிரே, மேலேறும் படிகளில் அவர் அழைத்து வந்த பயணிகள். அவர்களுடைய கறுப்புக் கண்ணாடிகளில் ஆளுக்கு இரண்டாக அருவி விழுகிறது. இத்தனை வருஷமாக அவர் உலகத்தைப் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் இப்படித்தான். இரைச்சலை மீறி ஓர் அம்மாள் கத்துகிறாள்: "தம்பி, நாடு நாடா சுத்தியிருக்கீங்களே, உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச இடம் எது?" "இதுதாம்மா!" "நேத்து ஏரிக்கரையிலயும் இதையேதானே சொன்னீங்க!" கூட்டம் சிரிக்கிறது. அவரும் சிரிக்கிறார். சாரல் பிடரியை நனைத்துச் சட்டைக்குள் இறங்குகிறது. கண் எல்லோரையும் தாண்டிக் கடைசிப் படிக்குப் போகிறது. உயிரோடு இருந்தபோது ஒரே ஒரு முறை அவரோடு பயணம் வந்த மனைவி அங்கேதான் நின்றாள். பயணிகளோடு பயணியாக, செருப்புப் பிடித்திருந்த கையையே உயர்த்திக் கேட்டாள்: "கைடு சார், ஒரு சந்தேகம். பொண்டாட்டி வந்திருக்கா, இன்னைக்காவது திரும்பி அருவியப் பாக்க மாட்டீங்களா?" அன்றைக்கும் கூட்டம் இப்படித்தான் சிரித்தது. இப்போது அந்தப் படி காலியாக இருக்கிறது. ஈரத்தில் வெயில் மினுங்குகிறது. "வேலை கெடக்கட்டும் தம்பி, நீங்களும் கொஞ்சம் திரும்பிப் பாருங்களேன்" என்கிறாள் அம்மாள். அவர் குடையை மறு கைக்கு மாற்றிக்கொள்கிறார். திரும்பினால் அருவி தெரியும். அந்தப் படி தெரியாது.