சிவப்புக்கு அடுத்தது ஆரஞ்சு

"செகப்பு குடு" என்று ரோசம்மாள் கையை நீட்டினாள். "இந்தா செகப்பு" என்று அவள் உள்ளங்கையில் புருஷன் சின்னராசு வைத்தது பச்சை நூல்.

வாசலில் வந்து நின்ற பக்கத்து வீட்டு முத்தம்மாவுக்குப் பகீர் என்றது. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த ரோசம்மாள் அந்தப் பச்சையை வாங்கி, ஒரே தடவையில் ஊசியில் கோத்தாள். இருபது வருஷத்துக் கைப்பழக்கம் அப்படி.

கிறிஸ்துமஸுக்கு மாதா கோயில் குடில் வாசலில் தொங்கும் மணி வருஷா வருஷம் ரோசம்மாள் தைத்துக் கொடுப்பது. சல்லடை போன்ற துணியில் நாலு ஓட்டை ஏறி, ரெண்டு ஓட்டை இறங்கிக் கம்பளி நூலை இழுக்க வேண்டும். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை என்று வரிசை தப்பாமல் வந்தால், உள்ளங்கை அகல மணி தீக்கொழுந்தாய் ஜொலிக்கும்.

சித்திரை மாசம் பட்டணத்தில் ரோசம்மாளுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. கட்டுப் பிரித்தும் பார்வை வரவில்லை. அவளைப் பார்த்துக்கொள்வதற்காக, கும்மிடிப்பூண்டிப் பட்டறையில் இருபது வருஷம் பார்த்த வெல்டர் வேலையைச் சின்னராசு ஒரே நாளில் விட்டுவிட்டான். பாவம், நல்ல மனுஷன் என்று ஊரே உச்சுக்கொட்டியது. முத்தம்மா தன் புருஷனுக்கு அதைச் சொல்லிக் காட்டாத நாள் கிடையாது.

இந்த வருஷம் பொன்னேரியில் காகித மணி வாங்கிவிடலாம் என்று கோயிலில் பேச்சு வந்தது. "ஓட்டைய விரலால எண்ணித் தச்சிடுவேன். கண்ணு போனா கையும் போச்சின்னு யாரும் சொல்லக்கூடாது" என்று ரோசம்மாள் பிடிவாதமாக நின்றாள். அந்த மணியை வாங்கிப் போகத்தான் முத்தம்மா வந்திருந்தாள்.

ரோசம்மாளின் மடியில் கிடந்த மணியை முத்தம்மா பார்த்தாள். தையல் ஒரு இழை பிசகவில்லை. நிறம்தான் சிவப்புக்குப் பக்கத்தில் ஊதா, ஊதாவுக்குப் பக்கத்தில் பச்சை என்று கன்னாபின்னாவென்று கிடந்தது.

"இன்னா மாமா இது..." என்று முத்தம்மா ஆரம்பித்தாள். வாயை அடக்குவது அவளுக்குப் பிறவியிலேயே வராது.

ரோசம்மாள் குறுக்கே புகுந்தாள். "முத்தம்மா வந்துக்கீறா பாரு. அவளுக்கு ஒரு டீ போட்டு எடுத்தா."

"இதோ" என்று சின்னராசு எழுந்து சமையல் கட்டுக்குள் போனான். முத்தம்மா சட்டென்று பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காத. உனுக்குத் தெரியலன்னு அந்த மனுசன் உன்ன ஏமாத்திக்கினு கீறாரு. செகப்பு கேட்டா பச்சயக் குடுக்குறாரு. கைக்கு வந்தத எடுத்து நீட்டுறாரு."

"இருக்கட்டும். நீ இத அப்டியே கொண்டும்போயி மாட்டு."

"ஜனம் சிரிக்கும்க்கா."

"கண்ணு தெரியாதவ தச்சதுன்னு சொல்லு. சிரிக்க மாட்டாங்க."

முத்தம்மாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "வேலைய வுட்டுட்டு ஊட்டுல குந்திக்கினு, ஒரு நூல பாத்துக் குடுக்க முடியலியா அவரால? நான் இப்பவே கேக்குறேன்" என்று எழுந்தாள்.

ரோசம்மாள் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். உள்ளே ஸ்டவ் பற்றும் சத்தம் கேட்கும்வரை பொறுத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அது பச்சன்னு எனுக்குத் தெரியும்."

"எப்டிக்கா?"

"கட்டுப் பிரிச்சி ஒரு மாசம் இருக்கும். ஒரு நா காலைல கண்ணத் தொறந்தா, ஜன்னலு தெரியுது, காலண்டரு தெரியுது. சந்தோசத்துல அவரக் கூப்புடலாம்னு வாயெடுத்தேன். அவரு ஒரு கையில கஞ்சி வச்சிக்கினு, ஒரு கையால செவத்தத் தடவித் தடவி வந்தாரு. என்னாண்ட வந்ததும் கையக் கீழ வுட்டுட்டு, 'நான் கீறேன், உனுக்கு இன்னா கவல'ன்னு சிரிச்சாரு."

கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே கண்ணீர் வழிந்தது. முத்தம்மா சமையல் கட்டுப் பக்கம் திரும்பினாள்.

"போயி ஒண்ணும் கேட்டுடாத முத்தம்மா. கண்ணு போனது அவருக்கு."