முப்பது சுற்று

அந்த வாரத்தில் மூன்றாவது தடவையாகத் துரை மல்லாந்து மிதந்தான். முப்பதடி ஆழத்தில், கப்பலின் அடிவயிற்றில் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தவன், ஊதின பலூன் மாதிரி விர்ரென்று மேலே வந்துவிட்டான். கைகாலை மடக்க முடியாமல் கிடந்தவனைக் கயிறு போட்டு இழுத்துப் படகில் சேர்த்தார்கள்.

மேஸ்திரி அப்பாவு பித்தளைத் தொப்பியைத் திருகிக் கழற்றினார். "அடுத்த வாட்டி கப்பலு அடியில மோதி மண்டை பூடும். உள்ள இன்னாடா பண்றே?"

"நா ஒண்ணும் பண்லே மேஸ்திரி. அதுவா ரொம்பிக்கிது."

ஏன் ரொம்புகிறது என்பதுதான் ஒருவருக்கும் பிடிபடவில்லை. முக்குளிப்பவனின் ரப்பர் சட்டை எளிய கணக்கில் ஓடுவது. படகில் ஒரு ஆள் கையால் சுற்றும் பம்ப், சுற்றுக்கு ஒரு 'தட்' சத்தத்தோடு, குழாய் வழியே தொப்பிக்குள் காற்றை அனுப்பும். தொப்பியின் காதோரம் இருக்கும் வால்வு, மிஞ்சின காற்றை வெளியே விடும். வருவதும் போவதும் சரியாக இருக்கிறவரை ஆள் அடியில் நிற்பான். கணக்குத் தப்பினால் சட்டை உப்பி ஆளையே தூக்கிவிடும்.

வால்வை மூன்று தடவை பிரித்துப் பார்த்தாயிற்று. ஒரு பிசிறு இல்லை.

"அப்ப நீதான் பயந்துகினு வால்வை மூடிக்கிறே" என்று அப்பாவு முடிவு கட்டினார். "மனசு டாக்டரைப் பாத்து சீட்டு எட்த்துகினு வா. இல்லாட்டி தண்ணில எறங்காத. கரி தூக்கப் போ."

எதிர்த்துப் பேசத் துரைக்குத் தெம்பில்லை. ஒரு மாதமாக இதே பேச்சு. கேட்டுக் கேட்டு அலுத்து, தன் கையே தனக்குத் தெரியாமல் வால்வை மூடுகிறதோ என்று அவனுக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

கரையில் ஒருவன், "இன்னா மாமு, கீழ்ப்பாக்கத்துக்கு டிக்கெட்டா?" என்றான்.

"வாயை மூட்றா கஸ்மாலம்!" என்று சீறியவர் மஜீது பாய். "நீ வா நைனா, நா கூட வர்றேன்."

ஆறு வருஷமாகத் துரைக்குப் பம்ப் சுற்றுகிறவர் அவர். நிமிஷத்துக்கு முப்பது சுற்று. கடிகாரம் கிடையாது, காலால் பலகையைத் தட்டியே கணக்கு வைப்பார். போன ஐப்பசியில் பம்பின் தோல் வாஷர் கிழிந்து அரை நிமிஷம் காற்று நின்றபோது, கயிற்றை இழுத்துத் துரையை மேலே கொண்டுவந்தவரும் அவரே. துரை அன்று சாயங்காலமே மீன் குழம்பு கேட்டுச் சாப்பிட்டுவிட்டு அதை மறந்துபோனான்.

ராயபுரத்தில் மரப்பலகைத் தரை போட்ட ஒரு மாடி டிஸ்பென்சரிக்கு, சனிக்கிழமை மத்தியானம் மனசு டாக்டர் ஹில்டா வருவார். துரையை நாற்காலியில் உட்காரவைத்து நாடி பார்த்தார். எழுபத்திரண்டு.

"தண்ணிக்குள்ள எப்படி இருக்கும்?"

"அங்கதான் பேஜாரு டாக்டரம்மா. காதுல நெஞ்சு அடிக்கிற சத்தம் கேக்கும். மொதல்ல மெதுவாத்தான். அப்பால தடதடன்னு ஓடும். ஒடனே சட்டை ரொம்பிடும்."

"பயமும் ஒரு வியாதிதான், சாபம் இல்ல. மருந்து தரலாம். வாரம் ஒரு தடவை வந்து மனசுவிட்டுப் பேசணும், மூச்சை நிதானமா விடப் பழகணும். மூணு நாலு மாசத்துல அடங்கிடும்."

"நெசமாவா டாக்டரம்மா?" என்றார் சுவரோரம் நின்ற மஜீது, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே. "அடங்கிடுமா?"

டாக்டர் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு, "கீழ நடக்கிறதை இங்கேயே பார்த்துடுவோம்" என்றார். "துரை, கண்ணை மூடிக்கோங்க. தண்ணிக்குள்ள இருக்கிறதா நினைச்சுக்கோங்க. நான் சொல்ற வரைக்கும் பேசக்கூடாது, அசையக்கூடாது. பாய், நீங்க பம்பைச் சுத்துங்க."

மஜீது கொஞ்சம் தயங்கிவிட்டு, இல்லாத கைப்பிடியைப் பிடித்து வெறுங்காற்றில் சுற்றினார். கால் பலகையைத் தட்டியது. தட்... தட்... டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். முதல் நிமிஷம் சரியாக முப்பது.

இரண்டாவது நிமிஷம். துரையிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. தட், தட், தட்.

மூன்றாவது நிமிஷம். தடதடதட.

பேசக்கூடாது என்று டாக்டர் சொன்னதையும் மறந்து துரை கண்ணைத் திறந்தான். "இதான் டாக்டரம்மா! நெஞ்சு அடிக்கிற சத்தம்னு சொன்னேனே, இதேதான்!"

மஜீதின் காதில் அது விழவில்லை. வியர்வை தாடி வழியே சொட்டிக்கொண்டிருந்தது. துரையின் மார்பு ஏறி இறங்குகிறதா என்பதிலேயே கண் நிலைகுத்தி நின்றது.

"காத்து வர்தா நைனா? வர்தா? அன்னிக்கு மாதிரி நின்னுடப் போவுது..."

துரை எழாமலே எட்டி அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினான். பாயின் கால் மட்டும் இன்னும் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தது.

"அறுபத்தெட்டு சுத்து" என்றார் டாக்டர், கடிகாரத்தை மேஜைமேல் வைத்துக்கொண்டே. "வால்வு எவ்வளவுதான் வெளியே விடும்?"

சீட்டில் எழுதியிருந்த துரையின் பெயரை அடித்தார்.

"எழுந்திருங்க துரை, பாய் உட்காரட்டும்."